அவியலுக்கு ஒரு எமர்ஜென்சி

அமெச்சூர் ரேடியோ லைசன்ஸ் வாங்கிப் பல வருடம் கழித்து, என் வாழ்க்கையில் நான் அனுப்பிய முதல் எமர்ஜென்சி செய்தி, வெட்டிவைத்த வாழைக்காயைப் பற்றியது. இதை இதுவரை எழுத்தில் ஒப்புக்கொண்டதில்லை. வாயால் ஒப்புக்கொள்ளும் அவசியம் ஏற்படவே இல்லை. மாவட்டத்தில் அன்றைக்கு ரேடியோ வைத்திருந்த எல்லோரும் அதைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

புதிதாக லைசன்ஸ் எடுத்திருக்கும் பிள்ளைகளுக்காக அனுபவங்களை எழுதித் தரச் சொல்லி எங்கள் குழுவில் கேட்டார்கள். மற்றவர்கள் தாங்கள் சாதித்ததை எழுதிவிட்டார்கள். சொதப்பியதை எழுதும் இடம் காலியாக இருந்தது. அதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் கிடைப்பது கஷ்டம்.

1. எண்களின் பட்டியல்

பிழைப்புக்கு நான் இன்வெர்ட்டர், பேட்டரி சர்வீஸ் செய்கிறவன். கொட்டாரத்தில் கடை. என் வீட்டு இன்வெர்ட்டர் மட்டும் ஓடாது என்பதை என் மனைவி ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள், அதனால் இங்கே மறைத்துப் பயனில்லை. ரேடியோ என் பொழுதுபோக்கு. கரண்ட் போய், மொபைல் டவரும் சாய்ந்துவிட்டால், ஒரு கார் பேட்டரியும் நீளமான கம்பியும் ஒரு செட்டும் இருந்தால் எங்களால் பேச முடியும். புயல் என்றால் எங்களுக்கு மரியாதை வரும். வெயில் அடித்தால் போய்விடும்.

புயல் நேரத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே அலைவரிசையில் உட்காருவோம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். யார் பேசலாம் என்று சொல்கிறவருக்கு நெட் கண்ட்ரோல் என்று பெயர். எங்களுக்கு அது ஸ்டெல்லா டீச்சர். நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறார். அவர் மைக்கில் “காத்திருக்கவும்” என்றால், தலை நரைத்த நாங்கள் வகுப்புக்கு வெளியே முட்டிபோட்டதுபோலக் காத்திருப்போம்.

இரைச்சலில் நீண்ட வாக்கியம் போய்ச் சேராது. பாதி வரும், மீதியைக் கேட்கிறவன் கற்பனையில் நிரப்பிக்கொள்வான். அதனால் உலகம் முழுக்க ரேடியோக்காரர்கள் அடிக்கடி சொல்ல வேண்டியவற்றுக்கு எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்துக்கும் அப்படி ஒரு பட்டியல் தயாரித்தோம். ஒன்பது என்றால் “இங்கே எல்லோரும் நலம்.” பதினான்கு என்றால் “குடிதண்ணீர் வேண்டும்.” முப்பத்தொன்று, “இந்த வழி திறந்திருக்கிறது.” முப்பத்திரண்டு, “இந்த வழி அடைபட்டிருக்கிறது.” எண்ணை இரண்டு தடவை சொல்லி ஊர்ப் பெயரையும் சொன்னால் வேலை முடிந்தது.

நான் கொஞ்சம் புத்தகம் படிக்கிறவன் என்பதால் பட்டியலை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் வடிவத்தில் ஒன்பதுக்கு நேராக “இறையருளால் யாவரும் க்ஷேமம்” என்று எழுதியிருந்தேன். ஸ்டெல்லா டீச்சர் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் “யாருக்காக?” என்று மட்டும் எழுதி அனுப்பினார்.

செய்திகளின் தரமும் பட்டியலில் உண்டு. எமர்ஜென்சி: உயிருக்கு உடனடி ஆபத்து. பிரையாரிட்டி: இப்போதே கவனிக்காவிட்டால் ஆபத்தாகக் கூடியது. வெல்ஃபேர்: நலம் விசாரிப்பது. ரொட்டீன்: மற்றதெல்லாம். எமர்ஜென்சி என்று ஒருவர் சொன்னால் மற்ற அத்தனை பேரும் வாயை மூட வேண்டும். அந்தச் செய்தியை வாங்குகிற ஆபரேட்டர் கையோடு கொண்டுபோய்ச் சேர்த்து, பதில் வாங்கி வர வேண்டும். தரத்தை அனுப்புகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும், கண்ட்ரோல் அதைக் குறைக்கக் கூடாது.

இந்தக் கடைசி விதியையும் எழுதியவன் நானே. அனுப்புகிறவன் யோக்கியனாக இருப்பான் என்று நினைத்து எழுதினேன்.

2. மண்டபம்

அந்தப் புயல் வந்த நாளில் என் மனைவியின் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு குலசேகரம். கல்யாணமும் சாப்பாடும் கொட்டாரத்தில். புயல் விலகிப் போய்விடும் என்று நம்பி, முந்தின நாள் சாயங்காலமே சொந்தக்காரர்கள் எல்லோரும் மண்டபத்தில் உட்கார்ந்து ஆயிரம் பேருக்குக் காய் வெட்டிவிட்டார்கள். விடிவதற்குள் புயல் அடித்து, மரம், போஸ்ட், டவர் எல்லாம் கீழே கிடந்தன.

மண்டபத்து மாடியில் செட்டை வைத்தேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவர்கள் தங்கியிருந்தார்கள். அவர்கள் படியில் வரிசையாக நின்று, உறவினர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். பெரும்பாலும் ஒன்பதுதான். “வெறும் ஒம்பதா? அழுதேன்னு சொல்லாண்டாமா?” என்று ஒரு பெண் கேட்டார். அழுததற்கு எண் கிடையாது என்றேன். “எழுதினவனுக்கு வீடு வாசல் இல்லியாக்கும்” என்றார்.

அந்த வரிசையை விலக்கிக்கொண்டு என் மாமனார் ஞானதாஸ் வந்தார். பட்டு வேட்டி, நனைந்த சட்டை, முகத்தில் தூக்கம் இல்லை.

“மாப்பிள, குலசேகரத்துல ஒரு வார்த்த கேட்டுச் சொல்லணும். அவங்க வருவாங்களா, மாட்டாங்களா?”

“வரிசையில இருக்கு மாமா. வெல்ஃபேர்ல போட்டிருக்கேன்.”

“வெல்ஃபேர்னா எப்பம் போவும்?”

“முக்கியமானது எல்லாம் போன பொறவு.”

“அப்பம் எம் மவளுக்க கல்யாணம் முக்கியமில்ல.”

“அப்படி இல்ல மாமா...”

“வாழைக்கா கறுக்குது. ஆயிரம் பேருக்குத் தேங்கா துருவி வச்சிருக்கு. அடுப்பு பத்த வைக்கவா வேண்டாமான்னு சமையக்காரன் கேக்கான். நான் என்ன பதில் சொல்லட்டு?” குரலைத் தாழ்த்தினார். “ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் பேசுதிய. சொந்த வீட்டுக்காரன் வரிசையில நிக்கணுமா?”

படியில் நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால் என் மனைவியும் நின்றாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமானவர்களுக்கு அதன் பொருள் தெரியும்.

இதற்குச் சற்று முன்புதான் குலசேகரத்திலிருந்து தங்கராஜ் அண்ணன் பேசியிருந்தார். ரப்பர் ஷீட் வியாபாரி. கீழே கடை, மேலே வீடு, வீட்டில் செட். எங்கள் குழுவில் விதியை விதியாகவே வாசிக்கிற ஆள். அவர் அனுப்பியது இது: ரப்பர் எஸ்டேட்டில் பால்வெட்டும் தொழிலாளி ஒருவரின் மனைவிக்கு இடுப்புவலி. முதல் பிரசவம் ஆபரேஷன். அங்கே உள்ள ஆஸ்பத்திரியில் கரண்ட் இல்லை, நாகர்கோவிலுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். ஜீப் தன் கடை வாசலில் நிற்கிறது. தக்கலை வழியா, மலையோர வழியா, எது திறந்திருக்கிறது?

ரத்தப்போக்கு தொடங்கவில்லை என்பதால் அவர் அதற்கு நேர்மையாகப் பிரையாரிட்டி என்று போட்டார். ஸ்டெல்லா டீச்சர் தீயணைப்புக்காரர்களிடம் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருந்தார். இதெல்லாம் என் காதில் விழுந்ததுதான்.

நான் மைக்கை எடுத்து, “எமர்ஜென்சி, எமர்ஜென்சி, கொட்டாரம்” என்றேன்.

இரைச்சலைத் தவிர மாவட்டமே அமைதியானது. அந்த அமைதி கொஞ்சம் சுகமாகக்கூட இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

“கொட்டாரம், சொல்லவும். மற்றவர்கள் காத்திருக்கவும்” என்றார் டீச்சர்.

“குலசேகரத்துக்கு. கல்யாணத்துக்குப் புறப்பட்டாச்சா? காய் வெட்டியாச்சு. அடுப்பு பற்ற வைக்கலாமா? பதில் உடனே. ஞானதாஸ். ஓவர்.”



“கொட்டாரம், செய்தியின் தரத்தை உறுதி செய்யவும். எமர்ஜென்சிதானா? ஓவர்.”

மாமாவின் மூச்சு என் கழுத்தில் பட்டது.

“எமர்ஜென்சிதான். ஓவர்.”

3. குலசேகரம், குலசேகரம்

தங்கராஜ் அண்ணன் ஒரு கேள்வி கேட்கவில்லை. “எடுத்தாச்சு. கையில கொண்டு போறேன். ஓவர்” என்றார். மாப்பிள்ளை வீடு அவர் வீட்டிலிருந்து ஒன்றும் தொலைவில்லை. ஆனால் வழியெல்லாம் ரப்பர் மரங்கள் குறுக்கும் நெடுக்குமாக விழுந்து கிடந்தன. வண்டி போகாது, ஏறி இறங்கித்தான் போக வேண்டும். ஜீப்காரனிடம், “இப்பம் வந்திருவேன், பதிலு வந்ததும் சொல்லுதேன், நில்லு மக்கா” என்று சொல்லிவிட்டு நடந்திருக்கிறார்.

நான் மீண்டும் ஒன்பதுகளை அனுப்பத் தொடங்கினேன். மாமா ஒரு நாற்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அப்போது ஸ்டெல்லா டீச்சரின் குரல் வந்தது. “எல்லோரும் நிறுத்தவும். குலசேகரம், உங்கள் பிரையாரிட்டிக்குப் பதில். முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு, தக்கலை. முப்பத்தொன்று, முப்பத்தொன்று, மலையோரம். கேட்டதா? ஓவர்.”

பதில் இல்லை.

“குலசேகரம், குலசேகரம்.”

இல்லை.

என் பட்டியல் கச்சிதமாக வேலை செய்துகொண்டிருந்தது. தக்கலை வழி அடைப்பு, மலையோர வழி திறப்பு, நாலு சொல்லில் எல்லாம் வந்துவிட்டது. வாங்கிக்கொள்ள வேண்டிய மனுஷன் என் மாமனாரின் அவியலைச் சுமந்துகொண்டு மரத்துக்கு மரம் தாவிக்கொண்டிருந்தார்.

“பதிலு வந்துதா மாப்பிள?” என்றார் மாமா.

“யாருக்கு மாமா?”

“நமக்குத்தான்.”

டீச்சர் நான்கைந்து தடவை கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் அவர் குரல் ஒரே அளவில் இருந்தது. அந்த ஜீப்பில் இருந்த பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஜீப்காரன் எவ்வளவு நேரம் நிற்பான்? வலியில் ஒருத்தி கத்தும்போது எந்த டிரைவர் பதிலுக்காக நிற்பான்? தெரிந்த வழியில் போவான். தெரிந்த வழி தக்கலை வழி.

4. மைக்

“ஹலோ” என்றது ஒரு பெண் குரல். “ஹலோ, இது கேக்குமா?”

“கண்ட்ரோல் பேசுகிறேன். யார் பேசுவது? ஓவர்.”

“நான் மெர்சி. அவருக்க வீட்டுக்காரி. நீங்க கூப்பிட்டுக்கிட்டே இருக்கிய, அவரு இல்ல. யாரோ எமர்ஜென்சின்னு சொல்லி, மழையில ஓடியிருக்காரு.”

“சரி. எழுதிக்கொள்ளுங்கள். முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு, தக்கலை...”

“டீச்சர், எனக்கு இந்த நம்பரு ஒண்ணும் தெரியாது. அது அவருக்கும் கொட்டாரத்துக்காரருக்கும் உள்ளதாக்கும். நேராச் சொல்லுங்க.”

எத்தனையோ வருடமாக அந்த அலைவரிசையில் ஸ்டெல்லா டீச்சர் சாதாரணமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டோம்.

“தக்கலை வழி போகக் கூடாதும்மா. பாலத்துக்குப் பக்கத்துல ரோட்டைத் தண்ணி அறுத்துட்டுப் போயிட்டு. மலையோரமாப் போகணும். ஜீப்காரன்கிட்ட சொல்லுங்க. ஜீப் வாசல்லதான நிக்கி?”

“நின்னுது. இப்பம் இல்ல. அந்தா போவுது, ஜன்னல்ல தெரியுது. ஐயோ, தக்கலைக்குத்தான் திருப்புதான்.”

“நிறுத்துங்க!”

தடால் என்று ஒரு சத்தம். மைக்கைப் போட்டுவிட்டார். அது மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் போய் விழுந்து, பேசும் பொத்தான் அழுந்திச் சிக்கிக்கொண்டது. பொத்தான் அழுந்தி இருக்கும்வரை அந்த அறையில் கேட்பதெல்லாம் எங்கள் எல்லோருக்கும் கேட்கும். நாங்கள் பேசுவது அங்கே யாருக்கும் கேட்காது.

“ஏலே சதீசே! ஏலே! நில்லுலே! ஜீப்ப நிறுத்துலே!”

ஜன்னலில் நின்று கத்துகிறார். பிறகு படியில் காலடிச் சத்தம். பிறகு தகரத்தில் மழை.

மாவட்டம் முழுக்க அந்த மழையைக் கேட்டோம். கடற்கரை முகாம்களில் இருந்தவர்கள், கட்டுப்பாட்டு அறையில் இருந்த அதிகாரிகள், என் மாமனார், படியில் நின்ற வரிசை, எல்லோரும். ஒரு கதவு அடித்துக்கொண்டது. அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. யாரும் போய் இறக்கவில்லை. மறுபடியும் அடித்தது. படியில் நின்றவர்களில் யாரோ, “அதை ஆராவது அணைங்களேன்” என்றார்.

“ஆளு வருதா?” என்று மாமா மெதுவாகக் கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். அவருக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. பட்டு வேட்டியின் நுனியைப் பிடித்துப் பிழிந்துகொண்டே இருந்தார். அதில் தண்ணீர் வருவது நின்ற பிறகும் பிழிந்தார்.

குக்கர் ஓய்ந்துவிட்டது. வெந்தது கருகியிருக்கும். வாசனையைத் தவிர மற்றதெல்லாம் எங்களுக்கு வந்துகொண்டிருந்தது.

காலடிச் சத்தம். மூச்சு வாங்குகிறது. அடுப்பை அணைக்கிற சத்தம். மைக் உயிரோடு இருக்கிறது என்று தெரியாமல் மெர்சி தனக்குத்தானே பேச ஆரம்பித்தார்.

“எமர்ஜென்சியாம். காயி வெட்டியாச்சாம். வயித்துல பிள்ளையோட ஒருத்தி கிடந்து துடிக்கா, இவனுவளுக்கு அவியலு. படிச்சவனுவளாம். இதுல ஒரு பெட்டி, அதுக்கொரு கம்பி, கம்பிய கட்டுததுக்கு என் துணி காயப்போடுத இடந்தான் கிடைச்சுது...”

அதற்கு மேல் உள்ளதை இங்கே எழுத முடியாது. அவ்வளவும் நியாயம்.

கடைசியில் மைக்கைத் தேடி எடுத்தார். பொத்தானை விட்டு மறுபடி அழுத்தினார். குரல் மாறியது. “டீச்சர், கேக்குதா? ஜீப்பத் திருப்பி விட்டாச்சு. ரோட்டு வளவுல மரம் கிடந்துது, வெட்டிக்கிட்டு நின்னானுவ. அதுல மாட்டி நின்னான். இல்லேன்னா நான் ஓடிப் பிடிக்கவா? மலையோரமாப் போறான்.”

“கேட்டது” என்றார் ஸ்டெல்லா டீச்சர். “எல்லாமே கேட்டது. நன்றி. ஓவர்.”

நான் பேச அனுமதி கேட்டேன். “கொட்டாரம். என் எமர்ஜென்சியை ரத்து செய்கிறேன். அது எமர்ஜென்சி அல்ல. முதலிலிருந்தே அல்ல. ஓவர்.” மாமா எழுந்து கீழே போனார். சமையல்காரரிடம் அடுப்பைப் பற்ற வைக்கச் சொல்லி, சாப்பாட்டைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொன்னார். யாரையும் கேட்கவில்லை.

தங்கராஜ் அண்ணன் திரும்பி வந்து பதிலைச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டு வாசலில் சேறும் நனைந்த உடம்புமாக நின்று, “கொட்டாரத்துல இருந்து எமர்ஜென்சி” என்று அவர் சொன்னதும் உள்ளே அழுகை எழுந்துவிட்டது. பெண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தார்கள். மாப்பிள்ளை நடையிலேயே உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளையின் அத்தை ஒப்பாரியைத் தொடங்கி, பெண்ணின் நிறத்தையும் குணத்தையும் பாடி முடித்த பிறகுதான் அண்ணனால் செய்தியை வாசிக்க முடிந்தது. அவர்கள் தந்த பதில்: “ரோடு இல்லை. அடுப்பு பற்ற வைக்க வேண்டாம்.”

ஜீப்பைப் பற்றி அதற்குப் பிறகும் நெடுநேரம் செய்தி இல்லை. மலையோர வழியில் நடுவில் எங்கும் எங்கள் ஆள் கிடையாது. நான் வெல்ஃபேர் செய்திகளை ஒவ்வொன்றாக அனுப்பினேன். ஒன்பது, ஒன்பது என்று சொல்லச் சொல்ல, அந்த எண்ணின் மேல் எனக்கே நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது.

மதியத்துக்குப் பிறகு டீச்சர் அலைவரிசையில் வந்தார். “எல்லா நிலையங்களுக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து. ஒன்பது, ஒன்பது.” பிறகு எண்ணை விட்டுவிட்டார். “பொண்ணு. இதுக்கு நம்ம பட்டியல்ல நம்பர் இல்ல. ஓவர்.”

கேட்டது என்பதற்கு அடையாளமாக, ஒவ்வொருவராகப் பேசாமலே மைக்கை ஒருமுறை அழுத்தி விட்டார்கள். டிக், டிக் என்று அந்தச் சத்தம் மட்டும் வந்தது. நானும் அழுத்தினேன்.

முதல் ஆபரேஷனின் தையல் பிரியத் தொடங்கியிருந்ததாக டாக்டர் சொன்னதைப் பிற்பாடு டீச்சர் தனியாக என்னிடம் சொன்னார். தக்கலை வழி போய்த் திரும்பியிருந்தால் இரண்டு பேரும் இல்லை.

5. பிற்பாடு

பட்டியலைத் திருத்தினோம். எமர்ஜென்சி என்று யார் சொன்னாலும், “யாருக்கு, என்ன ஆபத்து?” என்று கண்ட்ரோல் கேட்கும். பதில் இல்லாவிட்டால் தரம் தானாக இறங்கும். ஒரே ஆள் இருக்கிற நிலையத்திலிருந்து ஆபரேட்டர் எழுந்து போகக் கூடாது. வீட்டில் உள்ளவர்களுக்கும் பட்டியலை வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் கேட்டால் எண்ணை விட்டுவிட்டு மனுஷ பாஷையில் சொல்ல வேண்டும். இவையெல்லாம் இப்போது உங்கள் கையேட்டில் இருக்கின்றன. எப்படி வந்தன என்று கையேட்டில் இருக்காது.

பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். எமர்ஜென்சி என்று ஒருவன் சொன்னால் மாவட்டம் முழுக்க வாய் மூடும். அப்படி மூடிய வாய்களில் எதில் என்ன செய்தி காத்திருந்தது என்பது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தும் சொன்னேன். உங்களையும் ஒருநாள் ஒரு மாமா வந்து கேட்பார். மாமாவாக இல்லாவிட்டால் மேலதிகாரியாகவோ சபைக் கமிட்டிக்காரராகவோ இருப்பார். எண்ணெல்லாம் மனப்பாடமாக இருந்து பயனில்லை. அந்த நேரத்தில் “வரிசையில இருக்கு மாமா” என்று இரண்டாவது தடவையும் சொல்ல வாய் வர வேண்டும்.

ரோடு சரியானதும் மன்னிப்புக் கேட்கக் குலசேகரம் போனேன். தங்கராஜ் அண்ணன் சிரித்துவிட்டு, மாப்பிள்ளையின் அத்தை பாடியதில் நினைவிருந்த பகுதியைப் பாடிக் காட்டினார். மெர்சி மைனி சாயா கொண்டுவந்து வைத்தார். அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். புத்தகம் படிக்கிறவனுக்கு நிறுத்தத் தெரியாது.

“மைனி, அன்னைக்கு நீங்க இல்லேன்னா ரெண்டு உயிரு போயிருக்கும். நீங்களும் பரீட்சை எழுதி லைசன்ஸ் எடுக்கணும். நான் சொல்லித் தாறேன்.”

அவர் என்னையும் தங்கராஜ் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எனக்கு வேண்டாம். லைசன்ஸ் உள்ளவிய ரெண்டு பேரும் அன்னைக்கு என்ன செஞ்சியன்னு நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். சாயா ஆறுது, குடிங்க.”